கைக்கு அடங்கும் மகிழுந்து

நுழையும்முன்

ஒரு பொருளைப் பயன்படுத்துவது வேறு. அது எவ்வாறு அமைந்துள்ளது என்று அறிவது வேறு. சாலையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மகிழுந்துகளைக் காண்கிறோம். ஆயினும், அவற்றுள் ஒன்றன் கூரை எங்கே வளைகிறது, சக்கரம் உடலுக்குள் எவ்வளவு ஒடுங்கி நிற்கிறது என்று கேட்டால் விடை கூறத் தடுமாறுவோம். பார்ப்பதைக் கூர்மையாகப் பார்க்கக் கற்றுத்தரும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. உண்மையான மகிழுந்தை அளவு மாறாமல் சுருக்கித் தம் கையாலேயே அமைக்கும் கலை அது. அதன் கணக்கையும் வரலாற்றையும் செய்முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பொம்மையும் மாதிரியும்

ஊர்தியைச் சிறிதாக்கி மகிழும் ஆசை மனிதர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியில் வைக்கப்படுவது சிறுதேர்ப் பருவம். குழந்தை உருட்டி விளையாடும் சிறுதேர், தேர் என்று தோன்றினால் போதும். கோவில் தேரின் அளவுகளோடு அது பொருந்தவேண்டியதில்லை. அது பொம்மை.

மாதிரி அத்தகையதன்று. அதன் நீளம், அகலம், உயரம், சக்கரத்தின் விட்டம், கண்ணாடியின் சாய்வு என எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருத்தல் வேண்டும். ஓர் அளவு பிழைத்தாலும், எது பிழை என்று சொல்லத் தெரியாதவர்கூட 'ஏதோ சரியில்லை' என்பார். பொம்மைக்குக் கற்பனை போதும். மாதிரிக்குக் கற்பனையோடு அளவும் வேண்டும்.

சுருக்கத்தின் கணக்கு

மகிழுந்து மாதிரிகளில் மிகுதியாக வழங்கும் விகிதங்கள் 1/24, 1/25 ஆகியன. 1/24 என்பது அடி, அங்குலக் கணக்கிலிருந்து பிறந்தது. உண்மையில் ஓர் அடியாக உள்ளது மாதிரியில் அரை அங்குலமாகும். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் மகிழுந்தின் நீளம் ஏறத்தாழ 4.61 மீட்டர். 1/25 விகிதத்தில் அது 18.5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நீளம் 25இல் ஒரு பங்கானால், பரப்பு 625இல் ஒரு பங்காகவும் கனஅளவு 15,625இல் ஒரு பங்காகவும் குறையும். 1,250 கிலோ எடையுள்ள மகிழுந்து ஒன்றை அதே பொருள்களைக் கொண்டு 1/25 அளவில் செய்ய இயலுமானால், அதன் எடை வெறும் 80 கிராம்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் இவ்வாறு சுருக்கிவிட முடியாது என்பதில்தான் இக்கலையின் சிக்கல் தொடங்குகிறது. உண்மை மகிழுந்தின் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது. அதனை 25ஆல் வகுத்தால் வரும் அளவுக்கு நெகிழியை வார்க்க இயலாது, வார்த்தாலும் உடைந்துபோகும். எனவே மாதிரியின் சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனில் அமைகிறது. அளவுக் கணக்கில் பார்த்தால் அது 2.5 சென்டிமீட்டர் தடித்த தகட்டுக்குச் சமம்! தேர்ந்தவர்கள் சக்கர வளைவுகளின் உட்புறத்தைத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் மெல்லியதாக்கிவிடுவார்கள். உள்ளே தடிமன் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கோ தகடு மெலிந்து தோன்றும்.

வண்ணப்பூச்சிலும் இதே நிலைதான். மாதிரியின்மீது 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பூசினால், உண்மை மகிழுந்தின்மீது 2.5 மில்லிமீட்டர் தடிமனில் பூசியதற்கு அது ஒப்பாகும். கதவின் இடைவெளிக்கோடுகளும் பெயரெழுத்துகளும் அதில் புதைந்துபோகும். ஆகவேதான் ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசுகின்றனர். எதை அளவின்படி சுருக்குவது, எதைக் கண்ணுக்குப் பொருந்தும்படி அமைப்பது என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும்.

விற்பனையாளர் மேசையிலிருந்து வீட்டு மேசைக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பின், அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் 1948ஆம் ஆண்டு ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கமே அப்பெயர். மகிழுந்து விற்பனையாளர்கள் தம் புதிய வண்டிகளை விளம்பரப்படுத்துவதற்கான சிறு மாதிரிகளை அது செய்து கொடுத்தது. முதலில் அலுமினியத்தாலும் பின்னர் நெகிழியாலும் அவை உருவாயின. தொடக்ககால நெகிழி நாளடைவில் சுருங்கிக் கோணியது; பின்னர் வந்த பாலிஸ்டைரீன் அக்குறையைப் போக்கியது.

1958ஆம் ஆண்டில் அந்நிறுவனம், வாங்குவோர் தாமே பொருத்திக்கொள்ளும் பாகத் தொகுப்புகளை 1/25 விகிதத்தில் வெளியிட்டது. 'மூன்றில் ஒன்று' என்னும் முறை அவற்றின் சிறப்பு. ஒரே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவிலோ, பந்தய வண்டியாகவோ, விருப்பம்போல் மாற்றியமைத்த வடிவிலோ மகிழுந்தை உருவாக்கலாம். மூன்றையும் ஒருங்கே செய்ய இயலாது. ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதுவரை பிறர் செய்ததை வாங்கியவர், இப்போது எதைச் செய்வது என்று தாமே முடிவு செய்பவரானார்.

எரிந்த மர ஆலை

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946ஆம் ஆண்டு யோஷியோ டாமியா ஒரு மர ஆலையைத் தொடங்கினார். மரத்தாலான மாதிரிகளும் அங்கே செய்யப்பட்டன. 1951இல் நேர்ந்த தீவிபத்தில் ஆலை அழிந்தது. அதன்பின் நிறுவனம் மர வணிகத்தைக் கைவிட்டு, மாதிரிகள் செய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டது. 1960இல் அது வெளியிட்ட முதல் நெகிழி மாதிரியான யமாட்டோ போர்க்கப்பல் சந்தையில் வெற்றி பெறவில்லை. எனினும் முயற்சி நிற்கவில்லை. அடுத்து வந்த பாந்தர் பீரங்கி வண்டியின் மாதிரி நிறுவனத்தை நிலைநிறுத்தியது.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு டாமியா, அளவில் பிழை பொறுக்காதவர். போர்ஷே மகிழுந்தின் மாதிரியை உருவாக்க முனைந்தபோது, உண்மையான போர்ஷே 911 வண்டி ஒன்றையே விலைக்கு வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தார். அவ்வுழைப்பின் பயனாக 1976இல் 1/12 விகிதத்தில் போர்ஷே 934 மாதிரி வெளிவந்தது. படங்கள் புறத்தோற்றத்தை மட்டுமே காட்டும். ஒரு பாகம் ஏன் அவ்விடத்தில் அவ்வடிவில் இருக்கிறது என்பது கழற்றிப் பார்த்தால்தான் விளங்கும். இன்று ஷிசுவோகா ஜப்பானின் மாதிரித் தொழிலுக்குத் தலைமையிடமாக விளங்குகிறது.

பெட்டியைத் திறந்தபின்

பெட்டிக்குள் பாகங்கள் உதிரியாக இருப்பதில்லை. உருகிய நெகிழியை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பதால், நெகிழி ஓடிய கால்வாய்கள் சட்டமாக உறைந்திருக்கும். பாகங்கள் மரத்தில் காய்கள்போல் அச்சட்டத்தில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கையால் பிய்த்தெடுத்தல் கூடாது. வெட்டுங்குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் சீராக்க வேண்டும். அச்சின் இரு பகுதிகளும் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று பாகத்தின்மேல் ஓடும். அதையும் தேய்த்து நீக்காவிடில், வண்ணம் பூசியபின் அது தழும்பாய்த் தெரியும்.

அடுத்து, அச்சிலிருந்து படிந்த எண்ணெய்ப் பசை போகப் பாகங்களைச் சோப்புநீரில் கழுவி உலர்த்துவர். பின்னர் பிரைமர் பூசுவர். சாம்பல்நிறப் பிரைமர் வண்ணம் பற்றிக்கொள்ள உதவுவதோடு, கண்ணுக்குத் தப்பிய கீறல்களையும் பள்ளங்களையும் காட்டிக்கொடுக்கும். அக்குறைகளைப் பட்டியிட்டு நிரப்பி, உலர்ந்தபின் தேய்த்து, மீண்டும் பிரைமர் பூசுவர். வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகளிலும் 'பட்டி பார்த்தல்' என்னும் இவ்வேலை உண்டு. பொருளின் அளவுதான் வேறு.

தெரிந்து தெளிவோம்

பாலிஸ்டைரீன் பாகங்களை இணைக்கப் பயன்படும் நீர்மம் உண்மையில் பசை அன்று. அது கரைப்பான். இரு விளிம்புகளையும் சற்றே கரைத்துவிட்டு அது ஆவியாகிறது; கரைந்த நெகிழி ஒன்றோடொன்று கலந்து இறுகுகிறது. இது ஒட்டுதல் என்பதைவிடப் பற்றவைத்தல் என்பதற்கே நெருக்கமானது. உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையைக் கண்ணாடிப் பாகங்களுக்கு அருகில் பயன்படுத்தினால், அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். கரைப்பான்களையும் வண்ணத் தெளிப்பான்களையும் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்தே கையாளவேண்டும்.

ஒரு வெட்டு, பல விளைவுகள்

பெட்டியில் உள்ளவாறே செய்து முடிப்பது முதல்நிலை. தம் விருப்பப்படி மாற்றியமைப்பது அடுத்த நிலை. அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கூரையைத் தாழ்த்துதலைக் கூறலாம். பழைய அமெரிக்க மகிழுந்துகளை மாற்றியமைத்தோர் கூரைத் தூண்களில் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, வண்டிக்குத் தாழ்ந்த, விரைவான தோற்றம் தந்தனர். மாதிரி செய்வோரும் அதனையே செய்கின்றனர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை, செய்யும்போது கற்பிக்கும் பாடம் பெரிது. தூண்கள் செங்குத்தானவை அல்ல. முன்தூண் பின்னோக்கியும் பின்தூண் முன்னோக்கியும் சாய்ந்திருக்கும். ஆகையால் தூண்களில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டிக் கூரையை இறக்கினால், கூரையின் முனைகள் தூண்களின் அடிப்பகுதியோடு பொருந்துவதில்லை. கூரையைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு துண்டு சேர்த்து நீட்ட வேண்டும். கூரை நீண்டதும் சன்னலின் வடிவம் மாறும். முன்கண்ணாடி பொருந்தாது, தெளிந்த நெகிழித் தகட்டிலிருந்து புதிதாக வெட்ட வேண்டும். இருக்கைகள் உயர்ந்து தோன்றும். அவற்றையும் தாழ்த்த வேண்டும். ஒரு பொருளின் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்துவது அரிது.

இங்கு வீணாவதும் குறைவே. பாகங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே மெல்லச் சூடாக்கி, இளகியதும் இருபுறமும் இழுத்தால் மயிரிழை போன்ற கம்பி கிடைக்கும். வானொலி அலைவாங்கியும் எஞ்சினின் கம்பிகளும் அதிலிருந்தே உருவாகின்றன.

போட்டி திறந்த கதவு

இப்பொழுதுபோக்கு சிலருக்கு வாழ்க்கைப் பாதையாகவும் அமைந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கான கைத்திறன் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில், நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றன் சிற்றுருவை நுணுக்கம் மாறாமல் செய்ய வேண்டியிருந்தது. 1937 முதல், தாமே கற்பனை செய்த மகிழுந்தை 1/12 விகிதத்தில் வடிவமைக்கும் போட்டியும் சேர்ந்தது. வெற்றி பெற்றோர்க்குக் கல்லூரிக் கல்விக்கான உதவித்தொகை வழங்கப்பட்டது. சிறுவர்களுக்கு மட்டுமே அப்போட்டி உரியதாயிருந்தது என்பது அக்காலத்தின் குறை. அதே திறமை வாய்ந்த பெண்பிள்ளைகளுக்கு அக்கதவு திறக்கவில்லை.

1947ஆம் ஆண்டு அப்போட்டியில் தேசியப் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் சக் ஜோர்டன் என்னும் மாணவர். அவர் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புத் துறைக்குத் தலைமை தாங்கினார். ஓர் இளைஞர் மேசைமேல் செதுக்கிய சிற்றுரு, சாலைகளில் ஓடும் வண்டிகளின் வடிவைத் தீர்மானிக்கும் இடத்துக்கு அவரை அழைத்துச் சென்றது. கணினி பெருகிய இன்றும், மகிழுந்து நிறுவனங்கள் புதிய வடிவங்களைக் களிமண்ணில் வனைந்து பார்க்கின்றன. திரையில் சரியாகத் தெரிந்த வளைவு, கையால் தடவும்போதும் ஒளியில் வைத்துப் பார்க்கும்போதும் சரியாக இருக்கிறதா என்று அறிவதற்கு மாதிரி இன்றும் தேவைப்படுகிறது.

மூடிக்குள் இருப்பது

மாதிரி செய்வோரிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினுக்குக் கம்பிகள் பொருத்துவர். இருக்கைப் பட்டைகளின் கொக்கிகளுக்கு வெள்ளிநிறம் தீட்டுவர். வண்டியின் அடிப்பகுதிக்கும் உரிய நிறங்களைப் பூசுவர். பின்னர் எஞ்சின் மூடியைச் சாத்தி, மாதிரியை அடுக்கில் வைத்துவிடுவர். உள்ளே செய்த வேலையைப் பெரும்பாலோர் பார்க்கப்போவதில்லை. ஆயினும் அதை அரைகுறையாக விட அவர்தம் மனம் ஒப்புவதில்லை.

பிறர் மெச்சுவதற்காகச் செய்யும் வேலை வெளிப்புறத்தோடு நின்றுவிடும். பொருளை அறியவேண்டும் என்று செய்யும் வேலை மூடிக்குள்ளும் செல்லும். சில வாரங்கள் பொறுமையாக வெட்டியும் தேய்த்தும் பூசியும் ஒரு மாதிரியை முடித்தவர், மறுநாள் சாலையில் அதே வகை மகிழுந்தைக் காணும்போது, நேற்றுவரை காணாத ஒன்றைக் காண்கிறார். கூரை எங்கே வளைகிறது என்று இப்போது அவரைக் கேட்டால், அவருக்கு விடை தெரியும். அது அவர் விரல்களுக்கும் தெரியும்.