வட்டத்தை மீறும் கடைசல்

நடைவண்டிக் கால், பம்பரம், பூரிக்கட்டை, தொட்டில் கட்டை. கடைசல் பட்டறையிலிருந்து வரும் எதை வேண்டுமானாலும் குறுக்கே அறுத்துப் பாருங்கள், வெட்டுமுகம் வட்டமாகத்தான் இருக்கும். மரம் சுழல்கிறது, உளி ஓரிடத்தில் நிற்கிறது. இந்த ஏற்பாட்டில் வேறு வடிவம் பிறக்க வழியில்லை. ஆனால் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள சில பழைய சிமிழ்களைப் பார்த்தால் இந்த விதி பொய்த்துப்போனதோ என்று தோன்றும். மூடியின் நடுவிலிருந்து விளிம்புவரை அலையலையாக விரியும் கோடுகள், பக்கங்களில் கூடைப் பின்னல், அடியில் ஒரே அளவில் வெட்டப்பட்ட நுண்ணிய பட்டைகள். கையால் செதுக்கியிருந்தால் எங்காவது ஒரு கோடு பிசகியிருக்கும். இவற்றில் பிசகே தெரியாது, ஏனென்றால் இவையும் கடைசல் எந்திரத்தில் செய்தவைதான்.

இதை அலங்காரக் கடைசல் என்று சொல்லலாம். ஒரு காலத்தில் அரசர்கள் விரும்பிப் பழகிய கலை இது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் சாக்சனி அரசவையில் தந்தத்தை இப்படிக் கடைந்தார்கள். டிரெஸ்டனில் அந்தத் தந்தக் கோபுரங்களை இன்றும் பார்க்கலாம். ரஷ்யாவின் மகா பீட்டர் தனக்கென்று ஒரு கடைசல் கூடம் வைத்திருந்தார். ஆந்திரேய் நார்த்தோவ் என்ற வல்லுநர் அவருக்காக எந்திரங்கள் கட்டினார். கடைசலைப் பற்றி விரிவான நூலை 1701இல் வெளியிட்டவர் சார்ல் புளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி. அவர் தாவரவியலாளரும்கூட. நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரிக்குத் தாவரவியலில் புளுமேரியா என்று பெயர் வந்தது இவரால்தான். பிறகு 1790களில் லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பம் இந்த எந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கியது. நூறாண்டுகளுக்கு மேல் நடந்த அந்தத் தொழிலில் வந்த எந்திரங்கள் ஏறத்தாழ 2,500. வாங்கியவர்கள் பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும். 1884இல் வெளிவந்த அவர்களது நூல்வரிசையின் ஐந்தாம் தொகுதியை அலங்காரக் கடைசல்காரர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்திரம் செய்யும் வேலை இரண்டு வகை. முதல் வகையில் வேலைகள் இடம் மாறிவிடுகின்றன. மரத்தை வழக்கம்போல உருட்டிக் கடைந்து முடித்ததும் அதை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது சுழல்வது வெட்டுமுனை. சிறிய வெட்டுமுனை நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் சுழன்று மரத்தில் ஒரு குழிவெட்டைப் போடும். பிறகு மரத்தைக் கணக்காகச் சற்றே திருப்பி நிறுத்தி அடுத்த வெட்டு. முழுச் சுற்று முடியும்போது வெட்டுகள் ஒன்றோடொன்று உரசி, இடையில் கத்திவிளிம்பு போன்ற வரம்புகள் எழுந்திருக்கும்.

இரண்டாம் வகைக்கு ரோஸ் எஞ்சின் என்று பெயர். இதில் மரத்தைத் தாங்கும் தலைப்பகுதியே அசையும். மரம் சுற்றும்போது அந்தத் தலை முழுவதும் ஒரு தாளத்தில் இப்படியும் அப்படியும் சாயும். அதனால் எதிரே நிற்கும் வெட்டுமுனை வட்டத்துக்குப் பதிலாக அலைக்கோட்டை வரைகிறது. பழைய கைக்கடிகாரங்களின் முகப்பிலும் ஃபபெர்ஜே நகைகளின் கண்ணாடிப் பூச்சுக்கு அடியிலும் மின்னும் கோலங்கள் இதன் வழி வந்தவை. ரூபாய்த் தாளிலும் பழைய பங்குப் பத்திரங்களிலும் காணும் பின்னல் கோடுகளும் இதே குடும்பம்தான்.

அரண்மனை எந்திரத்தை வீட்டில் கட்ட முடியுமா? முடியும், அதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண மர லேத்தில் கனமான கட்டை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். கட்டை சற்றுச் சமன் தவறினால் மேசையே குதிக்கும். அதைத் தாங்க வார்ப்பிரும்பு வேண்டும். ரோஸ் எஞ்சினிலோ மரம் நிமிடத்துக்கு ஓரிரண்டு சுற்றுதான் சுற்றுகிறது. வேகமெல்லாம் விரல்பருமனான வெட்டுமுனையில் இருக்கிறது. அது ஒரு தடவைக்கு எடுப்பதும் மெல்லிய சீவல்தான். விசை குறைவாக இருப்பதால் பலகையே தாங்கிவிடும். அமெரிக்காவில் ஜான் மாகில் என்பவர் 2007இல் மரக்கடைசல் இதழொன்றில் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையால் கட்டக்கூடிய ரோஸ் எஞ்சின் ஒன்றை வெளியிட்டார். அதன்பிறகு சாதாரண ஆர்வலர்கள் பலர் தங்கள் கார் கொட்டகைகளில் இதைக் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கலை மீண்டும் உயிர்பெற்றதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உடற்கூறு எளிது. பலகைகளை ஒட்டித் தடிப்பாக்கிய ஒரு பெட்டி அடித்தளம். அதன்மேல் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதி. அது அடியில் இரண்டு கூர்முனை போல்ட்டுகளில் தாங்கி நிற்கிறது, பக்கவாட்டில் மட்டும் சாயும். அதற்குள் இரண்டு பேரிங்குகளில் ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டு. முன்முனையில் மரத்தைப் பிடிக்கும் சக், பின்பக்கம் ரோசெட் எனப்படும் அலைவிளிம்புத் தட்டு. ஒரு ஸ்பிரிங், தலையை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். ரோசெட்டின் விளிம்பு, அடித்தளத்தில் அசையாமல் நிற்கும் ஒரு தொடுமுனையில் போய் அழுந்தும். ஸ்பிண்டில் சுற்றச் சுற்ற, விளிம்பின் மேடும் பள்ளமும் தலையைத் தள்ளியும் விட்டும் ஆட்டுகின்றன. அலையின் ஆழம் 3 மி.மீ. என்றால், ஸ்பிண்டில் உயரத்திலேயே தொடுமுனை இருக்கும்போது மரமும் ஏறத்தாழ 3 மி.மீ. ஆடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தொடுமுனையின் வளைவு, ரோசெட் பள்ளத்தின் வளைவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பள்ளத்தின் அடியைத் தொடாமலே தாண்டிவிடும், கூரான கோலம் மொண்ணையாகிவிடும்.

இதில் ஒரு கோலத்தை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். 12 அலைகள் கொண்ட ரோசெட்டை மாட்டி மூடியின் ஓரத்தில் ஒரு சுற்று வெட்டுகிறோம். 12 இதழ்கொண்ட ஒரு கோடு கிடைக்கிறது. வெட்டுமுனையை உள்ளே சற்று நகர்த்துகிறோம். இப்போது ரோசெட்டை அப்படியே விட்டு, மரத்தை மட்டும் 15 பாகை திருப்பிப் பூட்டுகிறோம். ஓர் அலைக்கு 30 பாகை என்பதால் இது சரியாகப் பாதி அலை. அடுத்த சுற்றில் முந்தைய மேட்டுக்கு நேரே பள்ளம் விழும். இப்படியே மாறிமாறி வெட்டினால் கூடைப் பின்னல். ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி அலைக்குப் பதில் இரண்டு பாகை மட்டும் திருப்பினால், அதே ரோசெட் சுழித்தோடும் கோலத்தைத் தரும்.

ஆக எல்லாம் பங்கு பிரிப்பில் நிற்கிறது. அதற்குத்தான் இண்டெக்ஸ் தகடு. வட்டத் தகட்டில் வரிசையாகத் துளைகள், அவற்றில் விழும் ஓர் ஊசி. ஹோல்ட்சாப்ஃபெல் எந்திரங்களில் 96, 112, 120, 144 என்று பல துளை வட்டங்கள் இருந்தன. 96இல் 2, 3, 4, 6, 8, 12, 16, 24 பங்குகள் எல்லாம் வந்துவிடும், ஐந்து வராது. அதற்கு 120. ஏழுக்கு 112.

வீட்டில் கட்டுபவர் தடுமாறும் இடமும் இதுவே. கவராயத்தால் ஒவ்வொரு பங்காக அளந்துகொண்டே போகக் கூடாது. 24 பங்கில் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு மி.மீ. பிழை என்றால் கடைசி இடைவெளியில் 2.4 மி.மீ. பிழை வந்து குவியும். கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். முழுச் சுற்றை முதலில் பிடித்து, பிறகு அதைப் பங்கிட வேண்டும். நல்ல வழி ஒன்று சைக்கிள் சங்கிலி. அதன் கண்ணிகள் 12.7 மி.மீ. இடைவெளியில் ஒரே சீராக அமைந்தவை. 19 செ.மீ. விட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பலகை வட்டு வெட்டி, 48 கண்ணிகள் கொண்ட புதுச் சங்கிலியைச் சுற்றி, இரு முனைகளும் தொய்வில்லாமல் சேரும்வரை வட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கடைந்து குறைத்தால் 48 பங்கு தயார். வட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. 30 செ.மீ. வட்டின் விளிம்பில் 1 மி.மீ. பிழை, 3 செ.மீ. சிமிழின் விளிம்பில் பத்தில் ஒரு மி.மீ.யாகச் சுருங்கிவிடும்.

வெட்டுமுனையை ஓட்ட ஒரு சிறிய கை ரவுட்டர் போதும். அதை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஆட்டமில்லாத கிராஸ் ஸ்லைடில் பொருத்த வேண்டும். என்னைக் கேட்டால் பணத்தை மிச்சம்பிடிக்கக் கூடாத உறுப்பு இந்த ஸ்லைடுதான். முனையைச் சாணை பிடிப்பதோடு நிறுத்தாமல், கண்ணாடிபோல் மினுங்கும்வரை மெருகேற்ற வேண்டும். இந்த வேலையில் உப்புத்தாளுக்கு இடமில்லை. தேய்த்தால் வரம்புகளின் கூர்மை போய்விடும். வெட்டிய முகம் வெட்டும்போதே பளபளக்க வேண்டும், பிறகு தூரிகையால் தூசி தட்டி மெழுகு பூசுவதோடு சரி. மரமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். தேக்கு போன்ற துளைகள் தெரியும் மரத்தில் வரம்புகள் பிசிறடிக்கும். அன்றைய கடைசல்காரர்கள் விரும்பியது ஆப்பிரிக்கக் கறுப்புமரம். நம் ஈட்டி மரத்தின் இனம்தான், கிளாரினெட் செய்யவும் அதையே பயன்படுத்துகிறார்கள். தந்தத்தையும் அவர்கள் விரும்பினார்கள். 1989இல் பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை முடிவானது யானைகளுக்கு நல்லது, இந்தக் கலைக்கும் அதனால் குறைவு வரவில்லை.

இப்போது ரோசெட்டை எடுத்துவிட்டு, கணினி சொல்கிறபடி ஸ்டெப்பர் மோட்டார்களால் ஆட்டும் எந்திரங்களும் கட்டப்படுகின்றன. எத்தனை அலை வேண்டுமோ அத்தனை. வசதிதான். ஆனாலும் முதல் எந்திரத்தைப் பலகை ரோசெட்டுடன் கட்டுவதே நல்லது என்பேன். தொடுமுனை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணெதிரே பார்த்தவருக்குக் கோலம் மனத்தில் பதிந்துவிடும். எம்.டி.எஃப். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கட்டி முடித்ததும் உடனே நல்ல மரத்தை மாட்ட வேண்டாம். ஒரு சாதாரண மர வட்டைத் தட்டையாகக் கடைந்து, கறுப்புப் பெயின்ட் பூசிக் காயவிட்டு, அதில் அரை மி.மீ. ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். கறுப்பின் நடுவே கோடுகள் வெளுப்பாகத் தெரியும். ஒரு பக்கம் கோடு தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்தால் வட்டின் முகம் ஸ்பிண்டிலுக்கு நேராக உட்காரவில்லை, சக்கில் மறுபடி பொருத்துங்கள். அலையின் ஏற்றத்தில் கோடு சுத்தமாகவும் இறக்கத்தில் நடுக்கத்தோடும் இருந்தால் தொடுமுனை ரோசெட்டை விட்டு எழும்புகிறது, ஸ்பிரிங்கை இறுக்குங்கள். எல்லா அலையிலும் ஒரே மாதிரி நடுங்கினால் கிராஸ் ஸ்லைடின் திருகுகளைப் பாருங்கள்.