வில்லங்கத்தில் ஏறாத விற்பனை

கேளம்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர், சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனோடு காத்திருந்து, கேமரா முன் உட்கார்ந்து, கைரேகை வைத்துவிட்டு வருகிறார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த ஏழில் இரண்டு உள்ளாட்சிக்குச் சேரும்.

சென்னையின் இதே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வட்டாரத்தில் ஐ.டி. பார்க்குகளும் கைமாறுகின்றன. பெருங்குடியில் ஷபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்தின் எஸ்.பி. இன்ஃபோசிட்டியை 2018-ல் சிங்கப்பூரின் மேப்பிள்ட்ரீ சுமார் 2,400 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் உள்ள எம்பஸி ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோன், 2024-ல் 1,185 கோடி மதிப்பில் எம்பஸி ரீட் வசம் போனது. ரீட் என்பது பலரிடம் பணம் திரட்டிக் கட்டடம் வாங்கி, வாடகையைப் பங்கிட்டுத் தரும் டிரஸ்ட். பங்குச் சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். மாதச் சம்பளக்காரருக்கும் இதில் இடம் கிடைத்திருப்பது நல்ல விஷயம்.

என் கவலை வேறு. இத்தகைய பெரிய வியாபாரங்களில் பெரும்பாலும் கட்டடத்தை விற்பதில்லை. அதை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளைத்தான் விற்கிறார்கள். கிரயப் பத்திரம் கிடையாது. பட்டாவில் அதே கம்பெனி பெயர். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் இந்த விற்பனை அதில் இருக்காது.

பங்கு மாற்றத்துக்கு 2020 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை வெறும் 0.015 சதவீதம். 1,000 கோடிக்குப் பத்திரம் போட்டால் மொத்தச் செலவு 90 கோடி. அதே தொகைக்குப் பங்குகள் கைமாறினால் 15 லட்சம். அந்த 15 லட்சமும் வாங்குபவர் இருக்கும் மாநிலத்துக்குப் போகிறது. உள்ளாட்சிக்கு வந்திருக்க வேண்டிய 20 கோடியில் ஒரு பைசா வராது. எத்தனை தெருக்களுக்கு மழைநீர் வடிகால் போட்டிருக்கலாம்!

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பங்கு மாற்றத் தீர்வையின் விகிதம் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் இருப்பதால், தமிழக அரசால் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், பெருமதிப்புள்ள நிலம் வைத்திருக்கும் தனியார் கம்பெனியின் பாதிப் பங்குகளோ அதற்கு மேலோ ஒருவர் கைக்குப் போனால், நிலத்துக்கு உரிய தீர்வையையே வசூலிக்கிறார்கள். அதுபோன்ற திருத்தத்தை நாடாளுமன்றம்தான் கொண்டுவர வேண்டும்; நம் எம்.பி.க்கள் அதைக் கேட்க வேண்டும்.

மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்கு மெட்ரோ பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரயில் ஓட ஆரம்பித்தால் இந்தக் கட்டடங்களின் விலை ஏறும், கைமாற்றங்களும் கூடும். மக்கள் பணத்தில் போடும் பாதையால் ஏறுகிற விலை அது. அதற்குள் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும்.