நடந்து போற சாமிமார்

தொண்டைமானாற்றங்கரைச் செல்வச்சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். கதிர்காமத்துப் பூசகரான கப்புறாளைக்கும் அதே வழக்கம். இரண்டுக்கும் இடையில் 500 கிலோமீற்றருக்கு மேல். வைகாசி வாக்கில் சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படும் கூட்டம், கிழக்குக் கரையோரமாக ஏழு மாவட்டம் கடந்து, கதிர்காமத் திருவிழாவுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 50 நாள் செல்லும்.

முந்தி இந்த நடைக்குப் போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லை என்றே விடைபெற்றார்கள். அம்மம்மாவின் பெரியம்மா ஒருவ, அடைவு நகையை மீட்டு, கைமாற்றுக் காசையெல்லாம் குடுத்து முடிச்ச பிறகுதான் படலையைத் தாண்டினவவாம். யானையைவிடக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும்தான் பயம். வாந்திபேதியைக் காட்டியே 1870களில் வெள்ளைக்காரன் கதிர்காமம் போக அனுமதிச் சீட்டு வைத்தான். 1910இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப் திருவிழாவைக் கண்காணிக்க அங்கேயே போய்த் தங்கினார். யோகர் சுவாமி கால்நடையாகக் கதிர்காமம் போனதும் அந்த ஆண்டுதான் என்பார்கள். துரையும் சாமியும் மாணிக்க கங்கைக் கரையில் எதிரெதிரே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

திருகோணமலைக்குத் தெற்கே கிண்ணியா தொடங்கி வெருகல் வரை துறைக்குத் துறை ‘பாதை’க்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் பின்னாலேயே பாலம் வந்தது. இடையில் யுத்தம் இந்த நடையையே அறுத்துப் போட்டிருந்தது. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்க முருக பக்தரும் சிலரும் கிழக்கிலிருந்து அதைத் திரும்பத் தொடக்கினார்கள். சந்நிதியிலிருந்து தடையில்லாமல் நடக்க யுத்தம் முடியவேண்டியிருந்தது.

இப்போது வழி முழுக்கக் காப்பெற் றோட்டு. அது பஸ்ஸுக்கு நல்லது, காலுக்குக் கூடாது. காலை பத்து மணிக்கே தார் கொதிக்கும். அதனால் விடிய மூன்று மணிக்கு எழும்பி நடந்து, வெயில் ஏறமுன் ஏதாவது கோயில் மண்டபத்தில் ஒதுங்கவேண்டும். அங்கே பார்த்தால் ஆளாளுக்குக் காலை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். கொப்புளத்தில் ஊசியைக் கோத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் நறுக்கிவிடுவார்கள். தண்ணி நூல்வழியே கசிந்து போகும், தோல் உரியாது. மேலே கொஞ்சம் மஞ்சள், முழங்காலுக்குச் சித்தாலேப.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையில் 3,500 கிலோமீற்றர் நடக்கிறவர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்களாம். இங்கே எல்லாருக்கும் ஒரே பெயர்: சாமி. வங்கி மனேச்சரும் சாமி, மீன் விற்கிற மனுசியும் சாமி. கையில் காசில்லாமல், கொடுத்ததைச் சாப்பிட்டுப் போவதே பழைய நியதி. முஸ்லிம் ஊர்களிலும் வாசலில் தண்ணீர்க் குடம் வைத்துக் காத்திருப்பார்கள். இன்று மட்டும் முதல்நாளே தொலைபேசி வரும்: “சாமி, எத்தினை பேருக்கு உலை வைக்கிறது?” இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. உலை வைக்கிறவர்களுக்கும் கணக்கு வேண்டும்தானே.

உகந்தமலை முருகனைக் கும்பிட்டால் அப்பால் காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். அன்று ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணி குடித்தார்கள். இன்று பவுசரில் வருகிறது. காடு திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அரசாங்கம் குறிக்கிறது. வாசலில் பெயர் பதிகிறார்கள். அந்தச் சில நாளுக்குள் ஆயிரக்கணக்கானோர் நுழைகிறார்கள். பெரும்பாலானோர் உகந்தை வரை பஸ்ஸில் வந்து காட்டை மட்டும் நடப்பவர்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. நானும் அப்படிப் போனவன்தான்.

உகந்தையில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, வெயிலில் வெளுத்த காவிச் சேலையோடு, செருப்பு வாரைக் கம்பியால் முடிந்துகொண்டிருந்தா.

“எந்த பஸ்ஸில வந்தீங்க அம்மா?” என்றான் மட்டக்களப்புப் பெடியன் ஒருவன்.

அவ நிமிரவில்லை. “சந்நிதியில இருந்து வாறன், சாமி. இது மூண்டாவது சோடி.”