முதல் லீவர் துப்பாக்கி வாங்கும் முன்

காட்டுப்பன்றிப் பேச்சு வந்தால் போதும், நம்ம உழவர் கூட்டங்களில் யாராவது ஒருத்தர் எழுந்து, "அமெரிக்காக்காரன் மாதிரி ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துட்டா ஒரே வருசத்துல பன்னித் தொல்லையே இருக்காதுங்க" என்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆண்டு அக்கா மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்த பிறகு அந்த நினைப்பு மாறிப்போச்சு.

அவன் டெக்சாஸ் மாநிலத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டே 25 ஏக்கர் வாங்கி, ரசாயனம் போடாமல் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் காய்கறியும் செய்கிறான். நான் போய்ச் சேர்ந்த வாரமே ஒரு ராத்திரியில் பன்றிக்கூட்டம் இறங்கி, அரை ஏக்கர் வள்ளிக்கிழங்கை ஏர் ஓட்டினது போலப் புரட்டிவிட்டது. விடிந்ததும் வயலோரம் நின்றுகொண்டு, "மாமா, இன்னைக்கே ஒரு லீவர் துப்பாக்கி வாங்கப் போறேன். இருக்கறதுலயே பெருசா வாங்கணும்" என்றான். அதுவரை அவன் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை வேறு.

பக்கத்துப் பண்ணையில் மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் அவனை உட்காரவைத்துப் பேசினார். கடைக்கு நாளைக்குப் போகலாம், முதலில் எதற்கு வாங்குகிறாய் என்று சொல் என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி வாங்கச் சொல்லி அல்ல. "அமெரிக்காவுல மாதிரி" என்று பேசுகிறோமே, அங்கே நிதானமான உழவர் ஒருவர் இதை எப்படி யோசிக்கிறார் என்று நாமும் தெரிந்துகொள்ளத்தான்.

லீவர் துப்பாக்கி என்றால்

விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத்தான் லீவர் என்கிறார்கள். முன்பக்கமாகக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழும். பின்னால் இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு நீளக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும்.

1860-இல் ஹென்றி துப்பாக்கி வந்தது. 1873-இல் வின்செஸ்டரின் 1873 மாதிரி வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாதிரி மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்து விற்றிருக்கிறார்கள். குட்டையானது, எடை குறைவு, தட்டையாக இருப்பதால் வண்டியில் வைக்கத் தோது, இடக்கைக்காரருக்கும் ஒத்துவரும். அதனால்தான் அங்கே பண்ணை வீடுகளில் இன்னமும் இதைப் பார்க்க முடிகிறது.

வேலை எது?

பெரியவர் கேட்டது நாலே கேள்வி. எதைச் சுடப் போகிறாய்? எவ்வளவு தூரத்தில்? யார் கையில் பிடிக்கப் போகிறார்கள்? குண்டு தவறினால் பின்னால் என்ன இருக்கிறது? இந்த நாலுக்கும் பதில் சொன்னால் எந்த அளவு தோட்டா வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்றார்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை கதைதான்.

பாயிண்ட் 22 என்பது களைக்கொத்து. குண்டு இரண்டரை கிராம்தான் இருக்கும். தோளில் உதைக்காது, தோட்டா மலிவு. எலி, முயல், கோழி பிடிக்க வரும் சிறு விலங்கு ஆகியவற்றுக்கு 50 கெஜத்துக்குள் போதும். பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சிறுசு என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அந்தக் குண்டும் ஒரு மைலுக்கு மேல் பறக்கும்.

357 மேக்னம் என்பது சிறு மண்வெட்டி. இதில் ஒரு வசதி, 38 ஸ்பெஷல் என்ற மெல்லிய தோட்டாவையும் இதே துப்பாக்கியில் போடலாம். அதில் பழகிவிட்டு, வேலைக்குப் பெரியதைப் போட்டுக்கொள்ளலாம். 100 கெஜத்துக்குள் பன்றிக்கும் ஆகும்.

30-30 என்பது மண்வெட்டி. 1895-இல் வந்த தோட்டா. குண்டு சுமார் 10 கிராம். 150 கெஜத்துக்குள் மான், பன்றி இரண்டுக்கும் அங்கே பல தலைமுறையாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உதை இருக்கும், பழகினால் தாங்கலாம்.

45-70 என்பது கடப்பாரை. 1873-இல் ராணுவத்துக்காக வந்தது. குண்டு 20 கிராம், அதற்கு மேலும் இருக்கும். நம்ம மாப்பிள்ளை கேட்டது இதைத்தான். புதுசாகப் பழகுகிறவன் இதை எடுத்தால், உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். குறி தப்பும். விலங்கு சாகாமல் அடிபட்டுப் புதருக்குள் போகும். பெரியவர் இதை அழுத்திச் சொன்னார்: பெரிய தோட்டா மோசமான குறியைச் சரி செய்யாது. அடிபட்ட பன்றி நாள்கணக்கில் வதைபடும், தேடிப் போகிறவன் மேலும் பாயும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

தோளில் வைத்துப் பிடித்தால் கழுத்தை நீட்டாமல் குறி கண்ணுக்கு நேராக வரவேண்டும். கட்டை நீளமாக இருந்தால் குள்ளமானவர்களுக்கும் பெண்களுக்கும் ஒத்துவராது. செருப்பு வாங்குகிற மாதிரிதான். அடுத்தவர் காலுக்குச் சரியாக இருந்தது நமக்கு ஆகாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் திறந்த குறி மங்கலாகத் தெரியும்; மேலே தொலைநோக்கி மாட்ட வேண்டிவரும். பழைய வின்செஸ்டர் 94-இல் காலிக்கூடு மேல்பக்கமாக எகிறும், அதனால் மேலே எதையும் மாட்டுவது சிரமம். 1948 முதல் வந்த மார்லின் 336-இல் பக்கவாட்டில் விழும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளணும்.

தோட்டாவில் ஒரு முக்கியமான விஷயம். குழாய்க்குள் ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். பெரிய தோட்டாக்களில் அடியின் நடுவில்தான் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. கூர்மையான உலோக மூக்குள்ள குண்டைப் போட்டால், அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் மூக்கு தட்டையான குண்டு, அல்லது இதற்கென்றே மெத்தென்ற முனை வைத்துச் செய்தது மட்டும்தான் போடணும்.

அதைவிட முக்கியம், காலி செய்வது. 22-இல் உள்குழாயை உருவிவிட்டால் தோட்டாக்கள் கொட்டிவிடும். பக்கவாட்டுக் கதவு வழியாக நிரப்பும் பெரிய துப்பாக்கிகள் பலவற்றில், ஒவ்வொரு தோட்டாவையும் லீவரால் ஏற்றி ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். அத்தனை முறையும் அது சுடத் தயாரான நிலைக்கு வந்து போகிறது. வெளியே தெரியும் சுத்தியலைச் சுடாமல் மெல்ல இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் வெடித்துவிடும். பெரியவர் கடையில் கொடுத்த யோசனை: உன்னால் பயமில்லாமல் காலி செய்ய முடிகிற துப்பாக்கியை மட்டும் வாங்கு. வெற்றுத் துப்பாக்கியில் போலித் தோட்டா போட்டு, மாப்பிள்ளையை இருபது தடவை செய்யவைத்தார்.

மற்றபடி அங்கே எல்லாரும் சொல்லும் விதிகள் நாலு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி சரியாகும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இவற்றோடு பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப்பூட்டு, காதுக்கு அடைப்பான். பெட்டி வாங்காமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது என்று மாப்பிள்ளையின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது நியாயம்தான்.

ஈயமும் மண்ணும்

இயற்கை உழவர் யோசிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. வழக்கமான குண்டு ஈயம். அது உடலுக்குள் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக இறைச்சியில் தங்கும். அந்த மிச்சத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நஞ்சேறிச் சாகும். கலிபோர்னியாவின் காண்டர் கழுகுகள் 1980-களில் இருபத்துச் சொச்சமாகச் சுருங்கிப்போயின. அதற்கு ஈயமும் ஒரு காரணம். அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் நம்ம பாறுக் கழுகுகளை அழித்த கதை நமக்குத் தெரியும். இதுவும் அதே மாதிரிதான். செம்புக் குண்டு விலை கூடுதல். ஆனாலும் நஞ்சில்லாமல் விவசாயம் செய்கிறவன், விலங்கைச் சுட்டுத்தான் ஆகணும் என்றால் அதைத்தான் தேடணும்.

பன்றி குறைந்ததா?

மாப்பிள்ளை கடைசியில் வாங்கியது ஒரு 22 லீவர். கடையில் படிவம் எழுதி வாங்கி, பின்னணி விசாரித்த பிறகே கொடுத்தார்கள். ஒரு மாதம் காகிதத் தட்டில் சுட்டுப் பழகினான். பன்றிக்குப் பெரியதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெரியவர்.

அதற்குள் வேறு வேலை நடந்தது. நாலு பண்ணைக்காரர்கள் சேர்ந்து கம்பிவலைப் பட்டி அடித்து, மக்காச்சோளம் போட்டு, பன்றிகள் பயமில்லாமல் வந்து தின்னப் பழகும் வரை இரண்டு வாரம் காத்திருந்து, ஒரே ராத்திரியில் மொத்தக் கூட்டத்தையும் அடைத்துவிட்டார்கள். பட்டிக்குள் கிட்டத்தில் நின்று, துன்பம் நீடிக்காமல் முடிக்க அந்தச் சின்ன 22 போதுமானதாக இருந்தது. கழுகு தின்னாதபடி உடல்களை ஆழமாகப் புதைத்தார்கள். அரை ஏக்கர் போன கோபத்தில் மாப்பிள்ளை கேட்ட கடப்பாரை கடைசிவரை தேவைப்படவே இல்லை.

காரணம் எளிது. ஒன்றைச் சுட்டால் மீதி சிதறி, நாலு இடத்தில் புதுக் கூட்டமாகப் பெருகும். மிசூரி மாநிலத்தில் வனவளத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையையே 2016-இல் நிறுத்தியதும் இதனால்தான். வேட்டைக்காரர்கள் கூட்டத்தைக் கலைக்கிறார்கள், பட்டி வைத்து மொத்தமாகப் பிடிக்க முடியவில்லை என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி உள்ள நாட்டிலேயே இன்னும் 60 லட்சத்துக்கு மேல் பன்றிகள் திரிகின்றன.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே பன்றி வந்தேறி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. இங்கே அது நம்ம காட்டின் பிள்ளை; புலிக்கும் செந்நாய்க்கும் இரை. நம்ம 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். லீவர் துப்பாக்கியை அல்ல. உரிமம் இருந்தாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைக் கொன்றால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் யாராவது "அமெரிக்காவுல மாதிரி" என்று எழுந்தால், அந்தப் பெரியவரின் நாலு கேள்வியைக் கேளுங்கள். அதன் பிறகு அஞ்சாவதாக இன்னொன்றும் கேளுங்கள்: பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வேலியும் காவலும் போட நாம் தயாரா? மாப்பிள்ளை நிலத்தைக் காப்பாற்றியது அதுதான்.