படத்துக்குள் ஒரு கட்டளை

ஓரிக்கைத் தறியிலிருந்து இறங்கிய சேலையின் கோர்வைக் கரையையும் முந்தானையையும் செல்போனில் எடுத்தால், அந்தப் படத்தில் பட்டும் சரிகையும் மட்டும் பதிவதில்லை. எடுத்த தேதி, நேரம், போனின் மாடல் எல்லாம் கூடவே ஏறிக்கொள்கின்றன. கேமராவுக்கு லொகேஷன் அனுமதி தந்திருந்தால், 12.8 பாகை வடக்கு, 79.7 பாகை கிழக்கு என்று தொடங்கி வீட்டு வாசல்வரை காட்டிக்கொடுக்கும் எண்களும் சேர்ந்துவிடும். 1995இல் ஜப்பானில் வகுத்த இந்தக் குறிப்புமுறைக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

இவற்றைப் படிக்கவும் அழிக்கவும் உலகெங்கும் கைகொடுக்கும் இலவசக் கருவி எக்ஸிஃப்டூல். கனடாவின் ஃபில் ஹார்வி 2003 முதல் பெர்ல் மொழியில் எழுதி வளர்த்துவருகிறார். அழுத்தப் பொத்தான் கிடையாது. ஆனால் கட்டளை வரியில் ஒரே ஒரு வரி தட்டினால் ஆயிரம் படங்களின் இடக்குறிப்பும் போய்விடும். அருமையான உழைப்பு அது. பல வலைத்தளங்களின் சர்வர்களிலும் இது ஓசையின்றி வேலை செய்கிறது.

2021இல் வில்லியம் பௌலிங் என்ற ஆய்வாளர் இதில் பெரிய ஓட்டையைக் கண்டார். ஸ்கேன் செய்த ஆவணங்களுக்கான 'டேஜாவூ' கோப்பில் உள்ள குறிப்புகளைப் படிக்கும்போது, எக்ஸிஃப்டூல் அந்த எழுத்துகளைப் பெர்ல் நிரலாகவே இயக்கிப் பார்த்தது. மேற்கோள் குறியைத் தந்திரமாக உடைத்து எழுதினால், குறிப்பு கட்டளையாகிவிடும். கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிந்தாலும் பயனில்லை; கருவி பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையை முடிவு செய்கிறது. 7.44 முதல் 12.23 வரை எல்லாப் பதிப்புகளிலும் இந்தக் குறை இருந்தது.

நிரலாளர்கள் கூடி வேலைசெய்யும் கிட்லேப், பயனர்களின் அந்தரங்கம் காக்கவே படங்களை இக்கருவியில் செலுத்தியது. காவலுக்கு வைத்ததே திருடனுக்கு வழிவிட்டது. ஏப்ரலிலேயே ஹார்வி 12.24ஐ வெளியிட்டார், கிட்லேப்பும் உடனே திருத்தம் தந்தது. அப்படியிருந்தும் ஆண்டின் இறுதியில், அப்டேட் செய்யாமல் விட்ட சர்வர்கள் தாக்கப்பட்டன.

டெபியன் லினக்ஸ் வேறு வழியில் போனது. அப்போது தன்னிடமிருந்த 11.16 பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்துத் தந்தது. ஆகவே அங்கே பதிப்பு எண் சிறியதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். இன்னும் ஆதரவு உள்ள டெபியனானால், வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை ஓட்டினால் போதும். விண்டோஸில் நீங்களே இறக்கி நிறுவியிருந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இன்றைக்கே புதிய பதிப்பை இறக்கிப் போட்டுவிடுங்கள்.