காப்புக்காடும் பொது விசாரணையும்: சொல்வழி ஒரு விளக்கம்

செமினியிலிருந்து உலு லங்காட் செல்லும் மலைச்சாலையை நம்மில் பலர் அறிவோம். செமினி நீர்த்தேக்கமும் சுங்கை தெக்காலா பொழுதுபோக்குக் காடும் அவ்வழியில்தான் உள்ளன. 2016ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செமினி ஆற்று நீரில் துர்நாற்றம் வீசியதால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. வீடுகளில் குழாய்கள் வறண்டன. அந்நாள்களில் ஆற்றை நினைத்தவர்கள் பலர். ஆறு பிறக்கும் காட்டை நினைத்தவர்கள் சிலரே. அக்காடு யாருடையது, அதைக் காக்கும் விதி யாது, அவ்விதியை மாற்ற முற்படும்போது பொதுமக்களுக்குச் சொல்லுரிமை உண்டா என்பனவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாக்கள். மொழியியல் பயின்ற நாம் இவற்றைச் சொற்களின் வழியாக அணுகுவது பொருந்தும்.

பொது நிலத்தைக் குறிக்கத் தமிழில் ‘புறம்போக்கு’ என்றொரு பழஞ்சொல் உண்டு. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, சுடுகாடு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். வரி இல்லை என்பதால் அவை பயனற்றவை அல்ல. எல்லார்க்கும் பயன்பட வேண்டும் என்பதற்காகவே ஒருவர் பெயரிலும் எழுதப்படாதவை. ஆயினும் இன்று அச்சொல் வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. ‘எல்லாருக்கும் உரியது’ என்பது ‘யாருக்கும் உரியதன்று’ எனத் திரிந்ததன் விளைவு இது. நிலத்தின் மதிப்புக் குறைந்தபோது சொல்லின் மதிப்பும் உடன் குறைந்தது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது ‘காப்பு’ என்னும் சொல். மலாயில் ‘ஹூத்தான் சிம்பான்’ என அறிவிப்புப் பலகைகளில் காண்பதைத் தமிழில் காப்புக்காடு என்கிறோம். ‘சிம்பான்’ என்றால் எடுத்து வைத்தல், சேமித்தல். வங்கிச் சேமிப்புக்கும் அதே வேர்ச்சொல்தான். தமிழ்க் ‘காப்பு’ சற்று வேறானது. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம். கட்டியபின் விழா முடியும்வரை ஊரைவிட்டு வெளியூரில் தங்கலாகாது என்னும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆகவே காப்பு என்பது காக்கப்படும் பொருளைவிடக் கட்டிக்கொண்டவரையே மிகுதியாகக் கட்டுப்படுத்துவது. ஊரறியக் கட்டிய காப்பை ஒருவர் தனியே இருட்டில் அவிழ்ப்பதில்லை. வனச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இவ்வழக்கமே போதுமான முன்னுரையாகும்.

மலேசியக் கூட்டரசமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டம் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தும் பொதுச்சட்டம். அதன் 10ஆம் பிரிவு நிரந்தரக் காப்புக்காடுகளைப் பயன்பாட்டுக்கேற்ப வகைப்படுத்துகிறது: மரம் வெட்டுவதற்குரியவை, மண்ணைக் காப்பவை, வெள்ளத்தைத் தடுப்பவை, நீர்ப்பிடிப்புக்குரியவை, வனவிலங்குப் புகலிடங்கள், கல்விக்கும் ஆய்வுக்கும் உரியவை எனப் பல. 11ஆம் பிரிவு, காப்பு நீக்கத்தைப் பற்றியது. ஒரு நிலம் வகைப்படுத்தப்பட்ட நோக்கத்துக்கு இனித் தேவையில்லை எனவும், அதனினும் உயர்ந்த பொருளாதாரப் பயனுக்குத் தேவை எனவும் கருதினால், மாநில அரசு அதைக் காப்பிலிருந்து விலக்கலாம். ‘உயர்ந்த’ என்னும் அடைமொழியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எதைக்கொண்டு அளந்தால் உயர்வு? யார் அளப்பது? இவ்வினாக்களைப் பொதுவெளியில் எழுப்பவே சிலாங்கூர் மாநிலம் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, காப்பை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என விதித்தது.

அவ்விதி கடுஞ்சோதனைக்கு உள்ளானது வடக்குக் கோலா லங்காட் காப்புக்காட்டில். அது கரிச்சதுப்பு நிலக் காடு. 1927இல் அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டருக்கும் மேலாக இருந்தது, படிப்படியாகச் சுருங்கி 1,000 ஹெக்டருக்கும் குறைவாயிற்று. 2020 பிப்ரவரி 5ஆம் நாள், அதில் சுமார் 931 ஹெக்டரை விலக்கும் திட்டம் பற்றிய அறிவிப்பு நாளேட்டில் வெளிவந்தது. ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் அவகாசம். காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வக்குடியினரும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எழுந்தனர். 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. செப்டம்பரில் நேரடிக் கூட்டமும் நடந்தது. இத்தனைக்குப் பின்னும், சுமார் 537 ஹெக்டர் ஏற்கெனவே விலக்கப்பட்டுவிட்டதாக 2021 ஆகஸ்டு இறுதியில் மந்திரி பெசார் அறிவித்தார். எதிர்ப்பு மேலும் வலுக்கவே, செப்டம்பர் 8ஆம் நாள் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டு, நிலத்தை மீண்டும் காப்புக்காடாக அறிவிக்கத் தீர்மானித்தது. பொது விசாரணையைக் கூட்டரசுச் சட்டத்திலேயே சேர்க்கும் திருத்தம் 2022இல் மக்களவையில் நிறைவேறியது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. விதி இருந்தமையால்தான் மக்கள் காலத்தே அறிந்தனர். ஆனால் விதி மட்டுமே காட்டைக் காத்துவிடவில்லை. ஆட்சேபங்களைப் பெற்றுக்கொள்வது வேறு, அவற்றுக்குச் செவிசாய்ப்பது வேறு.

‘விசாரணை’ என்றதும் நமக்குக் காவல்நிலையம் நினைவுக்கு வருகிறது. அதனால் ‘பொது விசாரணை’ எனும் அழைப்பைக் கண்டு தயங்குவோரும் இருக்கலாம். ஆனால் ‘உங்களை மிகவும் விசாரித்ததாகச் சொன்னார்’ என்று அன்புடன் சொல்வதும் அதே சொல்தான். நலம் கேட்பதும் விசாரிப்பே. ‘கேள்’ என்னும் வினையோ இன்னும் நுட்பமானது. வினவுதல், செவிமடுத்தல் ஆகிய இரண்டையும் தமிழ் ஒரே வினையால் குறிக்கிறது. வனத்துறை அலுவலரின் பணியும் இவ்விரண்டும் சேர்ந்ததே. அனுமதிச் சீட்டின்றிக் காப்புக்காட்டில் நுழைபவரைத் தடுப்பது அவர் கடமை. ஏன் தடுக்கிறோம் என விளக்குவதும், காட்டின் விளிம்பில் தலைமுறைகளாக வாழ்பவரிடம் காட்டைப் பற்றிக் கேட்டறிவதும் அதே அளவு கடமை. எழுத்தில் ஆட்சேபம் தர இயலாத முதியவருக்கு நேரடிக் கூட்டமே வழி; அங்குச் சட்டமொழி அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாவிடின், அவர் அமர்ந்திருந்தும் இல்லாதவரே.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதுதலை வகுப்பில் கற்பிக்கிறோம். விடுப்புக் கடிதத்தோடும் வாழ்த்துக் கடிதத்தோடும் அது முடிந்துவிட வேண்டியதில்லை. அரசு அறிவிப்பு ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து நான்கு வினாக்களை எழுப்பலாம்: எந்த நிலம்? எந்த வகைக் காடு? விலக்கக் கூறும் காரணம் என்ன? கருத்துரைக்க இறுதி நாள் எது? பின்னர் அதைத் தெளிந்த தமிழிலும் பிழையற்ற தேசிய மொழியிலும் மாணவர் எழுதிப் பார்க்கட்டும். ஆட்சேபக் கடிதம் ஒன்றையும் சான்றுகளோடும் பணிவோடும் வரையட்டும். அடுத்த அறிவிப்பு எந்த வட்டாரத்தைப் பற்றி வரும் என நாம் அறியோம். அது செமினியின் மலைக்காடுகளைப் பற்றியதாகவும் இருக்கலாம். அப்போதும் கையில் சில நாள்களே இருக்கும். அந்நாள்களைச் சொற்களுக்குப் பொருள் தேடுவதிலேயே நம் மாணவர்கள் கழித்துவிடலாகாது.