கொல்லையில் ஒரு சீத்தா – 7: பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

குழி, செம்மண், தொழு உரம் எல்லாம் போன வாரமே பேசியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கவாத்து என்று சொல்லியிருந்தேன். ஆனால், பூவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அம்மா கேட்டார்: "கொத்துக் கொத்தா பூக்குது சார், ஒரு பிஞ்சுகூட நிக்கல. மண்ணுல சத்து இல்லையா?" மண் மேல் பழி போடாதீர்கள், அம்மா.

சீத்தாப்பூவைப் பறிப்பாரும் இல்லை, சூடுவாரும் இல்லை. பச்சை நிறம், தடித்த மூன்று இதழ், தரையைப் பார்த்த தொங்கல். உள்ளே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. விழிப்பதுதான் தனித்தனி நேரம். முதலில் பெண். இதழ் லேசாக விலகும், சூல்முடி பிசுபிசுக்கும். அப்போது மகரந்தப் பை மூடிக்கிடக்கும். அது வெடிப்பதற்குள் சூல்முடி காய்ந்துவிடும். ஆக, தூள் வேறொரு பூவிலிருந்துதான் வர வேண்டும்.

கொண்டுவருவது யார்? தேனீ அந்த இடுக்கில் நுழையாது. அரிசிமணியைவிடச் சின்ன வண்டு ஒன்று இருக்கிறது. அழுகிய பழத்தை மொய்க்கிற சாதி. பூவின் பழவாசனைக்கு மயங்கி உள்ளே புகுந்து, உடம்பெல்லாம் தூளோடு அடுத்த பூவுக்குப் போகும். மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிப் பளிங்காக வைத்திருக்கிறவர்கள் இந்த வண்டைத்தான் விரட்டுகிறார்கள். நாலு அழுகல் பழம் கிடக்கட்டும். வெளிநாட்டுத் தோட்டங்களில் அழுகல் பழத்தை வண்டுக்காகவே வைப்பதுண்டு.

இன்னொன்று, நம்ம ஊர் கத்திரி வெயில். அனல்காற்றில் சூல்முடி சீக்கிரம் உலர்ந்துவிடும். கோடைமழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு வரும் பூ நிற்கும். காயாகிப் பழுக்க நாலு மாதம் ஆகும். ஜவ்வாது மலைப் பழம் மழைக்காலத்தையொட்டிக் கூடைகூடையாக இறங்குவதும் அந்தக் கணக்கில்தான்.

கடையில் ஒருபக்கம் சூம்பிய பழத்தைப் பார்த்தால் ஒதுக்காமல் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூல். தூள் படாத கண் பருக்காது. வண்டு எந்தப் பக்கம் போகவில்லை என்பது தோலிலேயே பதிந்திருக்கும்!

வண்டு வராத வீட்டில் நாமே வண்டாகலாம். நன்றாக விரிந்த பூவைத் தீப்பெட்டிக்குள் தட்டினால் தூள் உதிரும். மெல்லிய தூரிகையில் அதைத் தொட்டு, காலையில், இதழ் பாதி விலகிய பூவுக்குள் சுற்றித் தடவுங்கள். தைவானில் சீத்தாவின் கலப்பின உறவான அத்திமோயாவுக்கு இதைத் தொழிலாகவே செய்கிறார்கள்.

சீத்தா அமெரிக்கக் கண்டத்து மரம். போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்பது பொதுக் கருத்து. தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அதை ஒப்பவில்லை. போர்த்துகீசியர் வருகைக்கு வெகுமுந்திய பார்ஹுத் பௌத்த ஸ்தூபியில் செதுக்கியிருப்பது சீத்தாதான் என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடினார். கல்லில் கண்கண்ணாக எதைக் கண்டாலும் சீத்தாவாகத் தெரியும் வியாதி எனக்கும் உண்டு என்பதால் அவரைக் கேலி செய்ய மாட்டேன்.

கவாத்து அடுத்த வாரம், சத்தியமாக. அதுவரை கத்தரியை எடுக்காதீர்கள். புதுத்துளிரின் மொட்டு இலைக்காம்பின் அடிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இலை கழன்றால்தான் வெளியே வரும். கவாத்தின் சூட்சுமமே அதில்தான்.